பழைய ஒஸ்ரின் பிக்கப்பின் ஸ்டியரிங் தண்டும் வயரிங்கும்: யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே செய்து முடிக்க ஒரு வழிகாட்டி

அம்மப்பாவின் ஒஸ்ரின் ஏ40 பிக்கப் பதினொரு வருடம் உரும்பிராயில் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. எஞ்சினைச் செய்வித்து ஓடத் தொடங்கி மூன்றாம் கிழமை, இரவு எட்டு மணியிருக்கும், கைதடி தாண்டும்போது ஸ்டியரிங் தண்டின் அடியில் இருந்து புகை வந்தது. இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டேன், ஹோர்ன் அலறியது, அப்புறம் ரப்பர் எரியும் மணம். பற்றரியின் கேபிளைக் கையால் இழுத்துப் பிடுங்கித்தான் வண்டியைக் காப்பாற்றினேன்.

ஒரு மாதத்துக்கு முன்தான் வயரிங் முழுவதும் புதிதாகச் செய்வித்திருந்தேன். செய்தவர் பழைய வயர்க்கட்டை ஒரே காலையில் வெட்டி எறிந்துவிட்டு, கையில் இருந்த சிவப்பு வயரையே எல்லாவற்றுக்கும் இழுத்திருந்தார். எது எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை அவிழ்த்துத் திரும்பச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. எஞ்சின், பிரேக், தகர வேலைக்கு இங்கே நல்ல கைகள் இன்னும் இருக்கின்றன. ஸ்டியரிங் தண்டுக்குள் ஓடும் வயரைப் பற்றித்தான் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது 1950களின் ஏ40 பிக்கப்பை வைத்து. அதே காலத்து மொறிஸ், பெட்போர்ட் வண்டிகளிலும் லூகாஸ் என்ற பிரித்தானியக் கம்பனியின் மின்சாமான்கள்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதால் பாதிக்கு மேல் பொருந்தும். சிக்னல் சுவிச் இருக்கும் இடம் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

1. காகிதங்களை முதலில் பாருங்கள்

ஒரு வயரைத் தொடுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா? புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? வண்டியின் வகுப்பு என்ன?

வகுப்பு மோட்டார் லொறி என்று இருந்தால், வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். வாகனம் பரிசோதிக்கும்போது சிக்னல், ஹோர்ன், பிரேக் லைற், ஹெட்லைற் எல்லாம் பார்ப்பார்கள். ஆகவே இந்த வேலை முடியாமல் காகித வேலையும் முடியாது. வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தில் கேட்பவை: பழைய அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், தேவையான வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ்.

புத்தகம் காலமானவரின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழையும், மரணசாதனம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். எங்கள் வீட்டில் இதற்கே ஐந்து மாதம் போனது. வயரிங் முடிந்த பிறகு இதைத் தொடங்கினால் வண்டி அத்தனை மாதமும் வீட்டில்தான் நிற்கும். வேலை நடக்கும்போதே காகிதமும் ஓடட்டும். வெளியாளிடம் வாங்கிய வண்டியென்றால், கையெழுத்து மட்டும் போட்ட 'ஓப்பின் பேப்பரை' வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்கள் இரண்டையும் நிரப்பி, விற்றவரின் கையெழுத்தையும் வாங்கி, 14 நாளுக்குள் கொடுங்கள். விற்றவர் பிறகு வெளிநாடு போய்விட்டால் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

பல வருடம் அனுமதிப்பத்திரம் எடுக்காத வண்டி என்றால், நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தொகை தெரியாமல் வயருக்குக் காசு ஒதுக்கக் கூடாது.

2. வெட்டாதீர்கள், வரையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பழைய வயர்க்கட்டு எவ்வளவு உக்கிப் போயிருந்தாலும், எலி கடித்திருந்தாலும், அதுதான் உங்கள் வரைபடம். படம் கையில் வரும்வரை ஒரு துண்டைக்கூட வெட்ட விடாதீர்கள்.

பற்றரியைக் கழற்றி வெளியே வையுங்கள். ஒரு பெரிய கொப்பி, கைத்தொலைபேசி, வெள்ளைச் சீலைரேப், பேனை, மல்ரிமீற்றர். இவ்வளவும் போதும். ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் ரேப்பைச் சுற்றி ஒரே இலக்கத்தை எழுதுங்கள். கொப்பியில் அந்த இலக்கம், நிறம், எங்கிருந்து எங்கே, எத்தனை மீற்றர் என்று குறியுங்கள். நிறம் தெரியாவிட்டால் நுனியை மண்ணெண்ணெய் தொட்ட சீலையால் துடையுங்கள். நூல் உறைக்குள் ஓடும் வண்ணக் கோடு மெல்ல வெளியே வரும். பிறகு நான் பார்த்து வரைந்த இன்னொருவருடைய காரில், எழுபது வருடப் புழுதிக்கடியில் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று தெரிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

லூகாஸ் வண்டிகளில் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே வரும், பியூஸ் இல்லாத வயர். வெள்ளை, சாவி திருப்பினால் மின் வருவது, அதற்கும் பியூஸ் இல்லை. பச்சை, அதே மின் பியூஸ் தாண்டிய பிறகு. பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கச் சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். நீலம் ஹெட்லைற்றுக்கு, நீலத்தில் வெள்ளை தூர வெளிச்சம், நீலத்தில் சிவப்பு டிப், அதாவது தாழ்ந்த கிட்ட வெளிச்சம். சிவப்பு பின்லைற்றுக்கும் பக்க லைற்றுக்கும். கறுப்பு எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடலோடு சேர்ந்து மின்சுற்றை முடிக்கும் வயர். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் 'டி' முனைக்குப் பழைய வண்டிகளில் மஞ்சள், 'எஃப்' முனைக்கு மஞ்சளில் பச்சை; பிந்தியவற்றில் மண்ணிறத்தில் மஞ்சள், மண்ணிறத்தில் பச்சை. ஹோர்ன் பொத்தானுக்குப் போவது பழைய வண்டிகளில் மண்ணிறத்தில் கறுப்புக் கோடு. பிந்தியவற்றில் ஊதாவில் கறுப்பு.

பியூஸ் பெட்டியில் ஏ1 முதல் ஏ4 வரை எழுதியிருக்கும். ஏ1-க்கு எப்போதும் மின் வரும். ஏ2 அதன் பியூஸ் தாண்டிய பக்கம், ஹோர்ன் இங்கிருந்து. ஏ3 சாவி திருப்பினால். ஏ4 அதன் பியூஸ் தாண்டிய பக்கம், சிக்னலும் பிரேக் லைற்றும் இங்கிருந்து. ஹெட்லைற் இந்த நாலிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஹெட்லைற்றுக்குப் பியூஸ் போடாமலே விட்டிருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் படம் இல்லாமல் போனதால், இன்னொருவருடைய ஏ40 காரைப் பார்த்து வரைய இணுவிலுக்கு நாலு சனிக்கிழமை போய்வந்தேன். உங்கள் வண்டியின் கட்டை யாரோ ஏற்கெனவே வெட்டியிருந்தால் நீங்களும் அப்படி ஒரு வண்டியைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மனம் கோணாமல் திறந்து காட்டுவார்கள்.

3. எர்த் எந்தப் பக்கம் என்று தீர்மானியுங்கள்

இந்த வண்டிகள் பொசிற்றிவ் எர்த். பற்றரியின் கூட்டல் முனைதான் வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) பூட்டியிருக்கும். இது தெரியாமல் புது வண்டி போல நினைத்து எல்.ஈ.டி பல்ப், போன் சார்ஜர், சிக்னலை மின்னவைக்கும் இலத்திரனியல் ஃப்ளாஷர் பூட்டினால் வேலை செய்யாது, அல்லது அந்தக் கணமே எரிந்துபோகும்.

அப்படியே விடலாம், தவறில்லை. நான் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றினேன், இங்கே கிடைக்கும் ஃப்ளாஷர்கள் அதற்கேற்றவை என்பதால். மாற்றுவதென்றால் செய்ய வேண்டியவை சில: பற்றரியைத் திருப்புதல், இக்னிஷன் கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுதல், அம்மீற்றர் வயர்களை இடம் மாற்றுதல், டைனமோவுக்குப் புதுத் துருவம் கொடுத்தல். கடைசியதை மறந்தால் சார்ஜ் ஏறாது. டைனமோவின் 'எஃப்' வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் மின்முனையில் இருந்து ஒரு வயரால் அந்த 'எஃப்' முனையை இரண்டு மூன்று தரம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். அவ்வளவுதான். ஸ்ராற்றர் மோட்டாருக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, அது அதே திசையில்தான் சுற்றும்.

பற்றரியின் கூட்டல் முனை கழித்தல் முனையைவிடக் கொஞ்சம் தடிப்பு. பழைய கவ்விகளை மாறிப் பூட்ட முயன்றால் ஒன்று ஏறாது, மற்றது ஆடும். ஆடும் கவ்விக்குத் தகரத் துண்டு செருகாதீர்கள். இரண்டு கவ்வியையும் புதிதாக வாங்குங்கள். மாற்றியதும் பொனற்றுக்குள் பெரிய எழுத்தில் 'நெகற்றிவ் எர்த்' என்று பெயின்ற்றால் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு திறப்பவருக்கு அது தேவை.

4. சாமான் வாங்குதல்

வயர், ரேப், பியூஸ் பெட்டி, ரிலே (சின்ன மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடும் சுவிச்), பல்ப் எல்லாம் யாழ்ப்பாண நகரத்து மோட்டார் சாமான் கடைகளிலேயே கிடைக்கும். பழைய லூகாஸ் சுவிச், ஸ்டியரிங்கின் நடுத்தலை (ஹோர்ன் பொத்தானும் சிக்னல் நெம்பும் உள்ள தலை) போன்றவற்றுக்குக் கொழும்பில் பழைய மோட்டார் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைதான். ஆனால் போனில் விலை பேசி இரவு பஸ்ஸில் பார்சல் போடச் சொல்லாதீர்கள். எனக்கு அப்படி வந்த முதல் நடுத்தலை வேறு வண்டியினுடையது. திருப்பி அனுப்பிய காசும் என்னுடையதே. கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள். ஒருநாள் பயணக் காசு வீண் போகாது.

வயர் வாங்கும்போது 'தடிப்பு வயர், மெல்லிய வயர்' என்று கேட்டால் கடைக்காரர் தன் எண்ணப்படி தருவார். செம்பு இழைகளை எண்ணிக் கேளுங்கள். 0.30 மில்லிமீற்றர் இழை 14 உள்ள வயர் 8 அம்பியர் அளவு தாங்கும். சிக்னல், பின்லைற், பிரேக் லைற்றுக்குப் போதும். 28 இழை 17 அம்பியர், ஹெட்லைற், ஹோர்னுக்கு. 44 இழை 27 அம்பியர். டைனமோவின் தடிப்பு வயருக்கும் பிரதான மின்னுக்கும். வீட்டு வயரிங்குக்கு வரும் ஒற்றைக் கம்பி வயரை எந்தக் காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம், அதிர்வில் முறிந்துவிடும். நுனியைச் சீவிப் பாருங்கள்: செம்பு நிறம் மேலே மட்டும் இருந்து, கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

எல்லா நிறமும் கிடைக்காது. கோடு போட்ட வயருக்கு நான் அலையவில்லை. அடிப்படை நிறத்தை வாங்கி, இரண்டு நுனியிலும் கோட்டின் நிறத்தில் ரேப் சுற்றினேன்.

பியூஸில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று இருப்பது அது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். இன்றைய தட்டைப் பியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே பழைய 35-க்குப் பதிலாகப் புது 35 போட்டால், பியூஸ் போகும் முன் வயர் போய்விடும். 15 போடுங்கள், மிஞ்சினால் 20.

5. ஸ்டியரிங் தண்டைத் திறத்தல்

ஏ40-இல் ஸ்டியரிங் வளையத்தின் நடுவில் ஹோர்ன் பொத்தானும் சிக்னல் நெம்பும் ஒரே தலையில் இருக்கும். அந்தத் தலையின் கீழே ஒரு மெல்லிய குழாய். அது ஸ்டியரிங் தண்டின் உட்துவாரம் வழியாகக் கீழே போய், ஸ்டியரிங் பெட்டியின் அடிமூடியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். வயர்கள் அந்தக் குழாய்க்குள். வளையம் சுற்றும்போது தண்டு சுற்றும். நடுக் குழாய் மட்டும் அசையக் கூடாது. அதை அசையாமல் பிடித்திருப்பது அடியில் உள்ள ஒரு நட்டும் அதற்குள் இருக்கும் சின்னப் பித்தளை வளையமும்.

என் வண்டியில் புகை வந்தது இதனால்தான். எண்ணெய் ஒழுகுகிறது என்று யாரோ அந்த நட்டைக் கழற்றி, பித்தளை வளையம் இல்லாமலே பூட்டியிருந்தார்கள். ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் குழாயும் கூடவே சுற்றி, வயர்கள் முறுகி, உறை தேய்ந்து, குழாயில் தொட்டன. அதோடு பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் நேர் வயர். வெளியே எடுத்துப் பார்த்தபோது நாலு வயரும் பனை ஓலைக் கயிறு திரித்தது போல ஒன்றோடொன்று முறுகி, குழாயின் வாய் விளிம்பில் ஓர் அங்குலத்துக்கு வெறும் செம்பாக, கருகி நீலம் பாரித்துக் கிடந்தன.

கழற்றும் ஒழுங்கு இது. முன் சில்லுகளை நேராக நிறுத்துங்கள். நடுத்தலையின் நெம்பு எந்தத் திசையில் நிற்கிறது என்று படம் எடுங்கள். ஸ்டியரிங் பெட்டியின் அடியில் வெளியே வரும் வயர்களின் இணைப்புகளை இலக்கம் போட்டுக் கழற்றுங்கள். அங்கே ஒரு தகரப்பேணியை வைத்த பிறகே நட்டை நெகிழ்த்துங்கள், பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் வடியும். வயர் நுனிகளில் உள்ள புல்லெற் முனைகள் (தோட்டா வடிவ உலோக முனைகள்) நட்டுக்குள்ளால் வராவிட்டால் அவற்றை வெட்டலாம். இலக்கம் போட்ட பிறகுதான்.

பிறகு மேலே. வளையத்தின் நடுக்குமிழின் பக்கவாட்டில் தலையில்லாத சின்னத் திருகாணிகள் இருக்கும். அவற்றில் கறள் ஏறியிருக்கும். முதல்நாள் மாலை எண்ணெய் விட்டுவிட்டு அடுத்தநாள் தொடுங்கள். சரியான அகலமுள்ள திருப்புளிதான் வேண்டும், காது உடைந்தால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முழுதாகக் கழற்றத் தேவையில்லை, சில சுற்று போதும். இனி நடுத்தலையை இரண்டு கையாலும் பிடித்து நேரே மேலே இழுத்தால் குழாயோடு சேர்ந்து வரும். வராவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள்; கீழே ஒருவரை நிறுத்தி, குழாயை மெதுவாக மேலே தள்ளச் சொல்லுங்கள்.

வளையத்தையும் கழற்ற வேண்டுமென்றால், தண்டிலும் வளையத்திலும் ஒரே கோட்டில் உளியால் சின்ன அடையாளம் போடுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் நுனியில் இரண்டு சுற்று விட்டு, இழுவைக் கருவி பூட்டி இழுங்கள். அப்படி விட்டால் வளையம் திடீரென்று கழன்று முகத்தில் அடிக்காது. தண்டின் மேல் நுனியில் ஒரு கம்பளிப் பட்டி இருக்கும். அது உக்கிப் போனதால்தான் பல வண்டிகளில் வளையம் மேலும் கீழும் ஆடுகிறது. தடித்த கம்பளித் துணியை அளவாக வெட்டி, எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துப் போடலாம்.

கியர் நெம்பும் தண்டிலேயே உள்ள வண்டி என்றால், இந்தச் சந்தர்ப்பத்தில் அதன் புஷ்களையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்த புஷ்ஷைக் கடைச்சல் பட்டறையில் பித்தளையில் கடைந்து எடுக்கலாம். பழையதும், அது ஓடும் தண்டும் இரண்டையும் கொண்டுபோங்கள்.

6. குழாய்க்குள் புது வயர் இழுத்தல்

பழைய வயரை வெறுமனே உருவி எடுத்துவிட்டுப் புதியதை உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். பழைய வயரின் நுனியில் மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பைக் கட்டி, உருவும்போது நரம்பு உள்ளே போய் நிற்கும்படி செய்யுங்கள். நாலு புது வயரின் நுனிகளையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் படிபோல வைத்துத் தங்கூசியில் கட்டி, மேலே ரேப் சுற்றி, குழந்தைகளுக்குப் பூசும் பவுடர் தடவி இழுங்கள். ஒருவர் இழுக்க ஒருவர் ஊட்ட வேண்டும். என் மனைவி மேலே நின்று ஊட்டினாள். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் தனியாக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை முயன்று இரண்டு வயரைக் கிழித்திருந்தேன்.

இங்கே மெல்லிய உறையுள்ள 14 இழை வயர்தான் அடங்கும். குழாயின் இரண்டு வாயையும் சின்ன அரத்தால் வழித்து, கூர் போனதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாயில் சுருங்கும் ரப்பர்க் குழாயை ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது.

திரும்பப் பூட்டும்போது புதுப் பித்தளை வளையம் போடுங்கள். நட்டைக் குழாய் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். அளவுக்கு மிஞ்சினால் குழாய் நசுங்கி வயரை வெட்டும். சில்லு நேராக நிற்க, சிக்னல் நெம்பு மேல்நோக்கி நிற்கும்படி வைத்தால்தான், திரும்பி முடிந்ததும் நெம்பு தானாக நடுவுக்கு வரும். பிறகு ஸ்டியரிங் வளையத்தை இரு பக்கமும் முழுதாகச் சுற்றிப் பாருங்கள். அடியில் வெளியே வரும் வயர் ஒரு நூல்கூட அசையக் கூடாது. கடைசியாக ஸ்டியரிங் பெட்டிக்கு 90 கியர் எண்ணெய் விடுங்கள். வயர் வேலை முடித்த சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

7. ஹோர்ன்

பொத்தான் மின்னைக் கொடுப்பதில்லை, எர்த்தைத்தான் கொடுக்கிறது. ஹோர்னின் ஒரு முனைக்கு ஏ2-இல் இருந்து எப்போதும் மின் வரும். மற்ற முனை தண்டு வழியாகப் பொத்தானுக்கு வந்து, அழுத்தும்போது எர்த் ஆகும். அதனால் தண்டுக்குள் அந்த வயர் எங்காவது தேய்ந்து தொட்டால் ஹோர்ன் நிற்காமல் அலறும்.

அலறினால் பொத்தானைக் குற்றம் சொல்லாமல், ஸ்டியரிங் பெட்டியின் அடியில் அந்த வயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் பிசகு தண்டுக்குள். நிற்காவிட்டால் பெட்டிக்கும் ஹோர்னுக்கும் இடையில். ஒரு ரிலே பூட்டினால் தண்டு வயரில் ஓடும் மின் மிகவும் குறைந்து, பொத்தானின் தொடுமுனையும் எரியாது. விலை சொற்பம், கட்டாயம் பூட்டுங்கள்.

8. சிக்னல்

கதவுத் தூணில் இருந்து சின்னக் கை நீட்டித் திசை காட்டும் பழைய காட்டிகள் உங்கள் வண்டியில் இருந்தால் கழற்றி எறியாதீர்கள், அழகுக்கு இருக்கட்டும். ஆனால் இன்றைய காங்கேசன்துறை வீதியில் அதை நம்பித் திரும்ப முடியாது; பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் பையன்களுக்கு அது என்னவென்றே தெரியாது. முன்னும் பின்னும் மின்னும் மஞ்சள் விளக்குப் பூட்டுங்கள்.

பழைய நெம்பின் தொடுமுனைகள் அந்தச் சின்னக் கைகளுக்காகச் செய்யப்பட்டவை. 21 வாற்ஸ் பல்ப் இரண்டு சேர்ந்தால் மூன்றரை அம்பியர். அதை நேராக அந்த முனைகளில் விடாமல், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வையுங்கள். சிக்னல் மின் ஏ4-இல் இருந்து பச்சை வயரில், பியூஸ் தாண்டி வரட்டும்.

வெப்பத்தால் வேலை செய்யும் சாதாரண ஃப்ளாஷர் பல்ப்பின் பளுவை வைத்துத்தான் மின்னும். எல்.ஈ.டி போட்டால் மின்னாமல் நிற்கும். ஒரு பல்ப் போய்விட்டாலோ எர்த் பிசகினாலோ மின்னும் வேகம் மாறும். அது உங்களுக்கு ஓர் எச்சரிக்கை, அதற்காகவே நான் இழை பல்ப்பையே வைத்திருக்கிறேன்.

9. ஹெட்லைற்றும் டிப்பும்

டிப் சுவிச் கால் வைக்கும் பலகையில் இருக்கும். மாரியில் சேறும் தண்ணீரும் நேரே அதற்குள்தான் போகும். கழற்றி, தொடுமுனைகளை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி, அடியில் ஒரு ரப்பர்த் துண்டு வைத்துப் பூட்டுங்கள்.

ஹெட்லைற்றுக்கு 100 வாற்ஸ் பல்ப் வேண்டாம். அந்தக் காலத்து டைனமோ நல்ல நிலையில் இருந்தாலும் 20 அம்பியர் அளவுதான் தரும், ஐட்லிங்கில் ஒன்றுமே தராது. 60/55 வாற்ஸ் இரண்டு போட்டாலே பத்து அம்பியர் போய்விடும். இரண்டு ரிலேயும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பியூஸும் வையுங்கள். ஒரே பியூஸ் வைத்து அது இரவில் போனால் இரண்டு லைற்றும் ஒன்றாக அணையும். ஆனையிறவுப் பக்கத்தில் அப்படி ஆனால் வீதியே தெரியாது.

10. முதல் மின்

எல்லாம் பூட்டி முடிந்ததும் பற்றரியை நேரே பூட்டாதீர்கள். எர்த் கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் இடையில் 21 வாற்ஸ் பல்ப் ஒன்றை வையுங்கள். எல்லாச் சுவிச்சும் அணைந்திருக்க, பல்ப் எரியக் கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ வயர் பொடியில் தொடுகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்ற அணைகிறதோ அந்த வழியில் தேடுங்கள். இந்தப் பல்ப் இருக்கும்வரை எந்த வயரும் எரியாது. கைதடியில் புகையாக வந்த பிசகை இந்தச் சின்னப் பல்ப் வீட்டிலேயே காட்டியிருக்கும்.

பல்ப் எரியாவிட்டால் அதை எடுத்துவிட்டு நேரே பூட்டி, ஹெட்லைற்றைப் போடுங்கள். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதை லைற்றின் உலோக உறையிலும் வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. யாழ்ப்பாணத்தின் உப்புக் காற்றில் இதுதான் ஓயாத தொல்லை. பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் பூட்டி, மேலே வசலீன் பூசுங்கள். பின்பக்கத் தொட்டி சேசிஸில் மரத்துண்டுகளின் மேல் இருப்பதால் பின்லைற்றுகளுக்கு எர்த்தே போகாத வண்டிகளும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கறுப்பு வயர் ஓட்டுங்கள்.

11. எவ்வளவு, எத்தனை நாள்

2024-இல் எனக்கு ஆனது: வயர் 11,000 ரூபா, ரேப், புல்லெற், இணைப்புகள் 4,500, பியூஸ் பெட்டியும் ரிலேகளும் 6,500, சிக்னல், பின் விளக்குகள் 9,000, ஃப்ளாஷர் 1,200, கடைச்சல் வேலை 6,000, கூட வேலை செய்த எலெக்ற்றீசியனுக்கு ஐந்து நாளுக்கு 25,000. மொத்தம் 63,200. பற்றரி இதில் இல்லை. முதல் தடவை வீணாகப் போன 40,000-உம் இல்லை.

கூலி பேசும்போது முழு வேலைக்கு ஒரு தொகை என்று பேசாதீர்கள். நாள் கூலி பேசி, நீங்களும் பக்கத்தில் நின்று, கொப்பியை அவர் கையில் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வழி: ஹோர்ன் முடிந்து சோதித்த பிறகே சிக்னல், சிக்னல் முடிந்த பிறகே ஹெட்லைற். எனக்கு வாய்த்த இரண்டாவது ஆள் இப்படித்தான் செய்தார். ஒவ்வொரு மாலையும் வண்டி முதல்நாளைவிட ஒரு படி நல்ல நிலையில் நின்றது.

வரைய இரண்டு வார இறுதி, சாமான் தேட மூன்று கிழமை, பூட்ட ஐந்து முதல் ஏழு நாள் என்று கணக்கு வையுங்கள். வைகாசி, ஆனியில் தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நகரத்துக்குள் சாமான் வாங்கப் போய்வருவது கடினம், வீதிகள் மறிக்கப்படும். ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். திறந்த கொட்டிலில் ஈரத்தோடு ஈயம் பற்றவைத்தால் ஒட்டாது.

12. பரிசோதனைக்குப் போகும் முன்

ஒரு மாலை, இருட்டும் நேரம், வீட்டு மதிலுக்கு முன் வண்டியை நிறுத்தி ஒருவரைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். பக்க லைற், டிப், தூரம், இடம், வலம், பிரேக், இலக்கத்தகட்டு லைற், ஹோர்ன். பிரேக்கை மிதித்தபடி சிக்னல் போட்டுப் பாருங்கள். பிரேக் லைற் சிக்னலோடு சேர்ந்து மங்கி மங்கி எரிந்தால் பின் எர்த் இன்னும் சரியில்லை. 21/5 வாற்ஸ் இரட்டை இழை பல்ப்பின் ஊசிகள் ஒன்று உயரம், ஒன்று பதிவு. மாறி அழுத்திப் பூட்டினால் பின்லைற் பிரேக் லைற் அளவுக்குப் பிரகாசமாக எரியும். இதைப் பரிசோதகர் முதலில் கண்டுபிடிப்பார்.

பிறகு இரவில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, பியூஸ் பெட்டியையும் ரிலேகளையும் ஸ்டியரிங் பெட்டியின் அடி இணைப்புகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பு நெகிழ்ந்த இணைப்பு. அடுத்தநாள் காலை அதைக் கழற்றித் திரும்பப் பற்றவையுங்கள்.

கொப்பியில் வரைந்த படத்தைப் பெரிய தாளில் சுத்தமாக வரைந்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, ஆசனத்துக்குப் பின்னால் வையுங்கள். பக்கத்திலேயே ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் 15 அம்பியர் பியூஸ் ஆறு, 21 வாற்ஸ் பல்ப் இரண்டு, ஒரு ரிலே, இரண்டு மீற்றர் வயர்.